ஆண் பிள்ளைக்கு ஒரு வீடு

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாக நெருக்கி நிற்கும் வீடுகளில் ஆணின் பெயரில் இருப்பவற்றை எண்ண விரல் மடக்கத் தேவையில்லை. சேவைக்காலம் முழுவதும் காணிக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பெண் பிறந்தால் காணி தேடுவார்கள். அவள் வளர வளரச் சுவரும் வளரும். ஆண் பிறந்தால் ஒன்றும் கட்டுவதில்லை. உம்மாவின் வீட்டில் வளர்ந்து மனைவியின் வீட்டுக்குப் போகிறவனுக்கு இடையில் ஒரு கூரை எதற்கு?

இந்த ஏற்பாட்டில் ஒரு துளை உண்டு. எந்தப் பெண் வீட்டாரும் கேட்டு வராத ஆண் எங்கே போவான் என்பதற்கு இதில் பதில் கிடையாது. முன்பு அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஓரிருவர் இருந்தார்கள். பள்ளிவாசல் விறாந்தையில் காலம் தள்ளினார்கள். இப்போது ஐஸ் என்ற போதைத் தூள் வந்த பிறகு தெருவுக்கு ஓரிருவர் இருக்கிறார்கள்.

என் மனைவியின் தங்கைக்கு அப்படி ஒரு மகன். படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தவன். முதலில் வீட்டு மின்விசிறி காணாமல் போனது. பிறகு சமையலறையிலிருந்து காஸ் சிலிண்டர் போனது. அதற்கும் பிறகு உம்மாவே அவனை வெளியே விட்டுக் கதவைப் பூட்டினாள். அவன் கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட தோணிகளின் கீழே படுத்தான். அவள் மத்தியானச் சோற்றைக் கட்டி யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். தன் கையால் கொடுக்க மாட்டாள்.

அவளுடைய கணவர், என் சகலன், கட்டாரில் ஒரு பொறியியலாளருக்கு வாகனம் ஓட்டுகிறார். மகனின் கதையை ஒரு நாள் வண்டியில் அழுது சொல்லியிருக்கிறார். அந்தப் பொறியியலாளர் ஐரோப்பியர். அவருடைய நாட்டில் ஒரு கூட்டம் இருக்கிறதாம்: லீவு எடுத்துக்கொண்டு, தங்கள் காசில் பயணம் செய்து, எங்கோ ஒரு நாட்டில் யாருக்கோ கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். நீங்கள் காணி தாருங்கள், வழிதவறிய இளைஞர்கள் தங்கிக் குணமாக ஓர் இல்லத்தை நாங்கள் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

காணி இருந்தது. ஊரின் மேற்குப் புறம், வயல் தொடங்குகிற இடத்தில், நல்ல மேட்டுத் துண்டு. ஆனால் அது சகலனின் மகள் பெயரில் இருந்தது. வழக்கப்படி அவள் வயதுக்கு வந்த வருடமே எழுதிக் கொடுத்த காணி. மகள் அப்போது அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருந்தாள். அண்ணனை அவள் காக்கா என்பாள். காக்கா படுக்க ஓர் இடம் என்றால் என் காணியில் கட்டுங்கள் என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

நடைமுறை தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். இந்தப் பட்டம் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வருவது, மறுக்க முடியாது. நான் வரிசையாகச் சொன்னேன். முதலில் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய்க் காணியை இல்லத்துக்கென்று தருமமாக எழுத வேண்டும். அதன் பிறகு கட்டட அனுமதி, அதன் பிறகு சமூக சேவைத் திணைக்களத்தில் பதிவு, கடைசியாகத்தான் அத்திவாரம். தருமம் எழுதாமல் சுவர் எழுப்பினால் கட்டடம் காணியோடு போகும்; காணி மகளோடு போகும்; மகளோடு புருஷன் வந்து குடியேறுவான். கட்டிய வெள்ளைக்காரன் நன்றி சொல்லிக்கொண்டு விமானம் ஏறுவான்.

மதினி, அதாவது மனைவியின் தங்கை, தேநீரை என் பக்கம் நகர்த்தினாள்.

“ஒங்கட சட்டமெல்லாம் புறகு பாப்பம் மச்சான். அவங்கட லீவு முடிய முந்திச் சுவரு எழும்பட்டும்.”

‘பிறகு’ என்ற சொல் எங்கள் அலுவலகங்களில் என்னென்ன கோப்புகளைத் தின்றது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே மனதில் ஏதோ சரியில்லை.

அவர்கள் சிறுபோக நெல் அறுவடைக்குக் கிட்டிய நேரத்தில் வந்தார்கள். மேற்கிலிருந்து சூடும் மணலுமாகக் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் எங்கள் ஆட்களே வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். இவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தபடி சீமெந்து குழைத்தார்கள். பெரும்பாலும் இளம் ஆட்கள். தலைவி மட்டும் என் வயதுக்காரி, குட்டையாக வெட்டிய நரைத்த முடி, எதையும் நேராகக் கேட்கும் பழக்கம். மகள் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் பகலெல்லாம் கல் வைப்பார்கள். கூலிக்குப் பிடித்திருந்த மேசன் வேலியோரம் குந்தியிருந்து வெறுந்தேநீர் குடித்தபடி பார்ப்பார். அவர்கள் விடுதிக்குப் போனதும் எழுந்துபோய், கோணியிருந்த வரிசைகளைச் சத்தமில்லாமல் பிரித்துத் திரும்ப வைப்பார். மறுநாள் காலை அவர்கள் வந்து தங்கள் சுவரின் நேர்த்தியைப் பார்த்து ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் மகிழ்ச்சியாக இருந்தது. நான் மேசனிடம் கேட்டேன், இது நியாயமா என்று. “அவங்க நன்மைக்கு வந்திரிக்காங்க ஹாஜியார், அவங்கட நன்மையை நாம ஏன் உடைக்கிற” என்றார்.

முதல் அறிகுறி இரும்புக் கடையில் கிடைத்தது. கதவுக் கொளுவி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பொதி கட்டியபடி, “புள்ளைக்கு முடிச்சிட்டீங்க போல” என்றார். இல்லை, இது கெட்டுப்போன பொடியன்களுக்குத் தங்குமிடம், மாப்பிள்ளைப் பேச்சு ஒன்றும் கிடையாது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிப் புன்னகைத்தார். எங்கள் ஊரில் கல்யாணம் பேசி முடியும்வரை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண் படும் என்று மறைப்பார்கள். ஆகவே இல்லை என்று எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவருக்கு உறுதியானது. குமர்ப் பிள்ளையின் காணியில் சுவர் எழும்புகிறது. அது எதற்கு என்று இங்கே விளக்கம் தேவையில்லை. வெளிநாட்டுக்காரன் வந்து கட்டுகிறான் என்றால் மாப்பிள்ளை பெரிய இடம் என்று அர்த்தம்.

அதே நாட்களில் வேறு சிலரும் வந்தார்கள். வயற்பக்க ஒழுங்கையால், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தாய்மார். எப்போது திறக்கும், யாரிடம் சொல்ல வேண்டும், வெளியே தெரியாமல் இருக்குமா என்று மகளிடம் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருத்தி சவளக்கடையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். மகள் ஒவ்வொருவரோடும் நெடுநேரம் நின்று பேசினாள்.

தலைவி விடியலில் கடற்கரையில் நடக்கிறவள். ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தோணிகளின் கீழே குனிந்து பார்த்திருக்கிறாள். மதினியின் மகன் அகப்பட்டான். என்ன பேசினார்களோ, மறுநாள் அவன் கட்டட வேலைக்கு வந்து மண் சுமந்தான். உடம்பு காய்ந்த ஓலைபோல இருந்தது. நடுங்கும் கையை வாளிக் காதுக்குள் மறைத்துக்கொள்வான். தூள் கிடைக்காத நாளில் வரமாட்டான். வந்த நாளில் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டான். அவனுடைய உம்மா சாப்பாடு கொண்டுவந்தால் சட்டியை வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஜன்னலோரத்தில் கீழ்க் கட்டில் அவனுக்கு என்று தலைவி சொல்லிவிட்டாள். அந்த ஒரு கட்டிலுக்காகத்தான் இத்தனை கல்லும் மண்ணும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அல்லது தெரியும் என்று நான் நினைத்தேன்.

வரைபடத்தில் இருந்தது ஒரு நீண்ட மண்டபம், சமையலறை, பின்னால் குளியலறைகள். சுவர் நெஞ்சுயரம் வந்தபோது மண்டபத்தின் தெற்கு மூலையில் ஒரு தடுப்பு முளைத்தது. மேற்பார்வை செய்கிறவருக்கு ஓர் அறை வேண்டாமா என்றாள் மதினி. வேண்டும்தான். பிறகு அந்த அறைக்கு உள்ளேயே ஒரு குளியலறை. பிறகு சீமெந்துத் தரைக்குப் பதிலாக மாபிள். பிறகு முன்னால் இரண்டு தூண் வைத்த போர்டிகோ. ஒவ்வொன்றையும் மகள் மொழிபெயர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். இல்லம் நிறுவனம்போல இருக்கக் கூடாது, வீடுபோல இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கையாம். அவர்கள் விரும்பியதை என் மதினி அப்படியே செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு நாள் அந்த அறைக்குள் நின்று கேட்டேன்.

“புள்ள, இது மாப்பிள்ளை அறையா?”

“ஒரு கதவு வைச்சா என்ன குறைஞ்சி போகும் மச்சான்? இரிக்கட்டுமே.”

அவள் பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கே அப்போது தெரிந்திருக்காது. எங்கள் பெண்களின் கை மகளின் காணியில் வேறெதையும் கட்டிப் பழகியதில்லை.

அந்தக் கிழமையோடு ஒழுங்கையால் வந்த தாய்மார் நின்றுபோனார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. ஊருக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். காற்று மட்டும் நிற்கவில்லை. புதுச் சுவரில் மணலை அடித்துக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் நிந்தவூரிலிருந்து கேட்டு அனுப்பினார்கள். பையன் நில அளவைத் திணைக்களத்தில் வேலை. ஒரு குறையும் இல்லை. நான் மகளிடம் தருமப் பத்திரத்தை ஞாபகப்படுத்தினேன். அவள் போர்டிகோத் தூணில் சாய்ந்து நின்றாள்.

“படம் பார்த்தன் பெரியவாப்பா. நல்ல முகம்” என்றாள். “அதுதான் கஷ்டமா இரிக்கி.”

அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும். காணியைத் தருமமாக எழுதிவிட்டால் வீடில்லாத பெண். வீடில்லாத பெண்ணை இங்கே யார் கேட்டு வருவார்கள் என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் வீடு பார்க்க வந்தது ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு. மாப்பிள்ளையின் உம்மா, சித்தப்பா முறையான சாச்சா, ராத்தா என்கிற மூத்த அக்கா. வெள்ளைக்காரர்கள் மண்டபத்தில் கட்டில் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தட்டுக் கட்டில்கள், சுவரோடு பொருத்தியவை. மதினியின் மகன் அன்றைக்கு வரவில்லை. மதினி புதுச் சேலையில் இருந்தாள். பிள்ளைகளின் பெரியப்பன் என்பதால் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் ராத்தா கட்டடம் பார்க்கத் தெரிந்தவள். குழாயைத் திறந்து பார்த்தாள். சுவரை விரல் முட்டியால் தட்டினாள். மாப்பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் திறந்தாள். வேலை சுத்தம் என்றாள். பிறகு கட்டில்களுக்கு முன்னால் நின்றாள்.

“இதுகளக் கழட்டேலுந்தானே?”

ஏலும் என்றாள் மதினி.

“நாங்க ஒளிச்சிக் கதைக்கிற ஆக்கள் இல்ல. புள்ளைல எங்களுக்கு ஒரு சொல்லும் இல்ல. மூத்தவன்ட கதை ஊரெல்லாம் தெரிஞ்சதுதான். தம்பி நாளைக்கு இந்த ஊட்ட வந்திரிக்கிறவன். மூத்தவன் இஞ்ச கால் வைக்கப்படா.”

“வைக்கமாட்டான்” என்றாள் மதினி. உடனே சொன்னாள்.

சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. தலைவி கட்டிலடியிலிருந்து எழுந்து, முகங்களைப் பார்த்து, மகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்டது: இவர்கள் எந்தப் பிள்ளையின் பெற்றோர், என்ன சொல்கிறார்கள்?  மகள் பயிற்சிக் கலாசாலையில் கற்றுக்கொடுத்த தெளிவான ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இவர்கள் என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள். இது என் வீடு என்று பார்க்கிறார்கள். என் காக்கா இதற்குள் வரக் கூடாது என்கிறார்கள். உம்மா சரி என்றுவிட்டார்.

இளம் ஆட்களில் ஒருத்தி கையிலிருந்த ஆணிகளைக் கீழே வைத்தாள். தலைவி கோபப்படவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். மகள் அதையும் மொழிபெயர்த்தாள், இந்த முறை உம்மாவின் பக்கம் திரும்பி. மகளாக நின்று அவளால் கேட்க முடியாததை மொழிபெயர்ப்பாளராக நின்று கேட்டாள் என்றே நினைக்கிறேன்.

“இவ கேக்கிறா உம்மா. அப்ப காக்கா எங்க போற எண்டு.”

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை ஒருவரும் வாய்விட்டுக் கேட்டு நான் கண்டதில்லை. மாப்பிள்ளையின் சாச்சா செருமினார். மாப்பிள்ளையின் உம்மா முந்தானையைச் சரி செய்தாள். கூரைத் தகரத்தைக் காற்று ஒருமுறை தூக்கிப் போட்டது.

“அதுக்கு இடமிரிக்கி எண்டு சொல்லு” என்றாள் மதினி. சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. 

வெள்ளைக்காரர்கள் வேலையை நிறுத்தவில்லை. விசா முடிய இருந்தது. அவர்கள் வந்தது சுற்றுலா விசாவில் என்பதால் நீட்டிப்புக் கேட்டால் வேறு கேள்விகள் வரும் என்று நான்தான் எச்சரித்திருந்தேன். கட்டில்களைக் கழற்ற முடியாதபடி இரும்புத் தகடு வைத்து இறுக்கினார்கள். அதுதான் அவர்களுடைய பதில். புறப்படும் நாளில் தலைவி எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். மதினியையும்தான். மதினி அழுதாள், உண்மையாகவே அழுதாள். பிறகு தலைவி மேசனிடமும் என்னிடமும் கை கொடுத்துவிட்டு, ஒரு சாவியை மதினியின் மகனுடைய கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். அவன் குளித்து, யாருடையதோ சட்டை போட்டு நின்றான்.

அன்று பொழுது பட்டு மஃரிபு தொழுகைக்கு அழைக்கும்போதே அவன் தன் துணிப் பையோடு உள்ளே போய் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டான். மகள் அவனுக்குச் சோறு கொண்டுபோனாள். மாபிள் தரை, மாப்பிள்ளை அறை, தூண் வைத்த போர்டிகோ, இவ்வளவுக்கும் நடுவே ஒரே ஓர் ஆள்.

சில நாட்களில் மதினி என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி உள்ளே இருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டாம் என்றாள். நிந்தவூரிலிருந்து நாள் கேட்கிறார்கள். அவன் எழும்புகிறான் இல்லை. உடம்பெல்லாம் நோகிறது என்று முனகிக்கொண்டு கிடக்கிறான். ஆனால் வெளியே போகவில்லை, தூள் தேடவும் போகவில்லை. அதைச் சொல்லும்போது அவளுடைய குரலில் ஒரு கணம் வேறு ஏதோ வந்தது. வந்ததை அவளே அமர்த்திக்கொண்டாள்.

“பொலிசில சொன்னா, கோட்டால தூரத்துப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்புறாங்களாமே மச்சான். அதுக்கு என்ன செய்யோணும்? ஒங்களுக்குத் தெரியும்.”

தெரியும். தாயோ தகப்பனோ எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பொலிஸ் அறிக்கை, வைத்தியப் பரிசோதனை, நீதவானின் கட்டளை. அதன் பிறகு ஒரு வண்டி வரும். பெற்றவளே கேட்டால் ஒருவரும் தடுக்க மாட்டார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். வந்த விதத்தையும் பார்த்திருக்கிறேன். இவ்வளவையும் அவளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க எனக்குத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது.

“ஆள் தங்கியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரர்தான் முறைப்பாடு கொடுக்கோணும்” என்றேன். “சட்டம் அப்படி. தாய் எண்டாலும் செல்லாது. காணி மகள்ட பெயரில இரிக்கி. அவ கையெழுத்து வைக்கோணும்.”

அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. சேவைக்காலம் முழுவதும் இருக்கிற சட்டத்தை மட்டுமே சொன்னவன் என்பதால் அவள் என்னை நம்பினாள்.

“அவள் வைக்கமாட்டாள்” என்றாள் கடைசியில்.

“கேட்டுப் பாருங்க.”

முக்காட்டைச் சரி செய்துகொண்டு படியிறங்கிப் போனாள். போன திசை வீட்டுப் பக்கம் இல்லை; பிரதான வீதிப் பக்கம். அங்கே பொலிஸ் நிலையம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் போன பிறகு மகள் வேலைக்குச் சேர்ந்த புடவைக் கடையும் இருக்கிறது, பள்ளிவாசலும் இருக்கிறது, ஓய்வு பெற்ற எழுதுவினைஞர்கள் கூடி உட்காரும் தேநீர்க் கடையும் இருக்கிறது. அவர்களில் எவரைக் கேட்டாலும் உண்மையான நடைமுறையைச் சொல்லிவிடுவார்கள்.

மகளிடம் நேற்றுப் பேசினேன். உம்மா இன்னும் கேட்கவில்லை என்றாள். அவன் கொஞ்சம் கஞ்சி குடித்தானாம். தருமப் பத்திரம் எழுத நொத்தாரிசு எந்த நாட்களில் இருப்பார் என்று கேட்டாள். திங்கள் காலை என்றேன். இன்று வியாழன்.